மண் போட்டவன்

ஊசிப்பாறைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் கிருஷாந்தனைப் போல வாயடிக்கிற பையன் இன்னொருவன் பிறக்கவில்லை. அவனுடைய அப்பா கந்தப்பன் நாற்பது வருடம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அப்பன் பேசாமல் மிச்சம் பிடித்து வைத்ததையெல்லாம் மகன் செலவழிக்கிறான் என்று லயத்தில் கேலி செய்வார்கள். கேலி என்றாலும் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பேசத் தெரிந்தவன் எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்வான் என்ற நம்பிக்கை அது.

எங்கேயாவது போகத்தான் செய்தான். சாதாரணதரப் பரீட்சையில் கணக்குப் பாடம் இரண்டு தடவையும் கைவிட்ட பிறகு பதுளையில் ஒரு துணிக்கடையில் நின்றான். பிறகு கொழும்பில் ஒரு பாத்திரக் கடை. பிறகு மறுபடியும் பதுளைக்கு வந்து ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் செக்யூரிட்டி. கொக்கி வைத்த பெல்ட்டும், தோளில் பட்டையும் உள்ள அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் எடுத்த படங்களுக்குக் கணக்கே இல்லை. வண்டிகளுக்குக் கை காட்டுவதுதான் வேலை. படத்தைப் பார்த்தால் எல்லையையே காப்பவன் மாதிரி நிற்பான். யூனிபோம் என்றால் அவனுக்கு அப்படி ஒரு மோகம். யூனிபோம் போட்டவனைப் பஸ்ஸில் யாரும் "தோட்டத்துப் பயலே" என்று சொல்ல மாட்டார்கள் என்பது அவன் எண்ணம். அந்த எண்ணத்தில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருந்தவன் தினேஸ். ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். தினேஸின் அப்பா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. அம்மா விஜயலெட்சுமி கொழுந்தெடுக்கிறவள். அவளுக்கு அவன் ஒரே பிள்ளை. தோட்டத்தை விட்டு எங்கும் போகாமல் அம்மாவுக்கு விறகும் தண்ணீரும் சுமந்து, சொந்தத்தில் நாலு பாத்தி போஞ்சி போட்டு, கந்தப்பனிடமே கவ்வாத்துப் பழகி, நிம்மதியாக இருந்தவன். கிருஷாந்தன் அவனை "கெழவா" என்றுதான் கூப்பிடுவான்.

முகநூலில்தான் அந்த விளம்பரம் வந்தது. ரஷ்யாவில் இராணுவ முகாம் சமையலறைக்கு உதவியாட்கள் தேவை. பதுளையில் ஒரு லொட்ஜ் மண்டபத்துக்கு வந்த ஏஜென்ட் மூன்று மொழியிலும் பேசினான். துவக்கைத் தொட வேண்டியதே இல்லை, உருளைக்கிழங்கு சீவுகிற வேலைதான், ஒரு வருடம் போனால் அந்த நாட்டுப் பிரசையாகவே ஆகிவிடலாம் என்றான். சமையல்காரனுக்கும் யூனிபோம் உண்டா என்று கிருஷாந்தன் கேட்டான். உண்டு என்று ஏஜென்ட் சொன்னான். அந்த மனிதன் சொன்னதில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

தினேஸை இழுத்தது கிருஷாந்தன்தான். இதை யாரும் மறைக்கவில்லை, அவனும் மறைத்ததில்லை. தனியாகப் போகப் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "கெழவா, இப்பிடியே கத்தியும் கையுமா செத்துப் போகப் போறியா" என்று இரண்டு வாரம் தினேஸை அரித்தெடுத்தான். விஜயலெட்சுமி ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் கோழி அறுக்குறதையே பாக்க மாட்டான் தம்பி. அவனப் போயி ராணுவத்துக்குக் கூப்புடுறியே."

"சமையக்கட்டு வேலதானே பெரியம்மா. நான் கூட இருக்கேன்ல. ரெண்டு பேரா போறோம், ரெண்டு பேரா வருவோம்."

அவள் அவனை நம்பினாள். அவன் சொன்னபோது அவனும் அதை நம்பித்தான் சொன்னான். பொய் சொல்லிப் பழகியவன் அல்ல கிருஷாந்தன். கொஞ்சம் கூட்டிச் சொல்வான், அவ்வளவுதான்.

அங்கே போய் இறங்கிய இரண்டாம் நாள் ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு எழுத்துக்கூட இருவருக்கும் புரியவில்லை. மூன்றாம் நாள் தலையை மழித்தார்கள். நாலாம் நாள் துவக்கைக் கொடுத்தார்கள். சமையலறை எங்கே என்று கிருஷாந்தன் சைகையில் கேட்டதற்கு, அங்கிருந்த ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஆனாலும் யூனிபோம் நன்றாகத்தான் இருந்தது. பனியில் துவக்கோடு நின்று இருவரும் எடுத்த படத்தைக் கிருஷாந்தன் வட்ஸ்அப்பில் அனுப்பினான். கீழ்ப்பிரிவு முழுக்க அந்தப் படம் போனது. அவனுடைய தங்கை சுதர்ஷினி, கொழும்பில் கார்மெண்டில் வேலை செய்கிறவள், அதைத் தன் போனின் முகப்பிலேயே வைத்தாள். படத்தில் கிருஷாந்தன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். தினேஸ் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறான்.

மூன்று வாரப் பயிற்சி. அதற்குப் பிறகு ஒரு லொறியில் ஏற்றி, இலையில்லாத மரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு வயலோரம் இறக்கிவிட்டார்கள். மரவரிசைக்குள் குழிகள். ஒரு குழியில் இரண்டு பேர். மேலே பகல் முழுவதும் ட்ரோன் சுற்றும். தோட்டத்தில் புல்லு வெட்டுகிற மெஷினின் சத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே வித்தியாசம், அது நின்றால் யாரோ ஒருவன் செத்திருப்பான்.

அந்தக் குழியில்தான் கிருஷாந்தனின் வாய் அடைத்துப் போனது. பயம் நெஞ்சில் வரும் என்று படங்களில் பார்த்து வைத்திருந்தான். அது வயிற்றில் வந்தது. நின்ற இடத்திலேயே காற்சட்டையை நனைத்தான். தினேஸ் பார்த்தும் பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன்னிடமிருந்த மாற்றுக் காற்சட்டையை எடுத்து நீட்டினான். கோழி அறுப்பதைப் பார்க்க மாட்டாதவன், அங்கே கையில் நடுக்கமில்லாமல் தகர டப்பாவில் பனியை உருக்கித் தேத்தண்ணி வைத்தான். அதைக் குடித்துவிட்டு, "நம்ம தோட்டத்துக் குப்பத்தூளே இதவிட நல்லாருக்கும்டா" என்று சொன்னான். பதினோரு நாள் அந்தக் குழியில் கிருஷாந்தனை உயிரோடு வைத்திருந்தது அவன்தான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பனிமூட்டம் இறங்கியது. முன்னால் போகச் சொன்னார்கள். இருபது பேர் போனார்கள். வயலின் பாதி தூரத்தில் குண்டுகள் விழத் தொடங்கின. முதல் குண்டுக்கு எல்லோரும் விழுந்து படுத்தார்கள். இரண்டாவதற்குக் கிருஷாந்தன் எழுந்து ஓடினான், பின்பக்கமாக. துவக்கைப் போட்டுவிட்டு, தலைக்கவசத்தைப் போட்டுவிட்டு, தினேஸ் எங்கே என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடினான். ஓடும்போதுதான் பின்னாலிருந்து ஒரு இரும்புத் துண்டு கெண்டைக்காலைக் கிழித்தது. வயலில் வெட்டியிருந்த ஒரு தண்ணீர்க் கானுக்குள் உருண்டு விழுந்தான்.

சத்தம் ஓய்ந்தபிறகு பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கூவல் கேட்டது.

இங்கே மலையில் கொழுந்தெடுக்கும்போது மூடுபனி இறங்கினால் பக்கத்து நிரையில் நிற்பவள்கூடக் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். பள்ளமும் பாறையும் நிறைந்த மலை. அப்போது ஒரு கரையிலிருந்து ஒருத்தி "ஊ" என்று நீட்டிக் கூவுவாள். அடுத்த நிரைக்காரி பதில் கூவ வேண்டும், அவளுக்கு அடுத்தவள் அவளுக்குப் பதில் கூவ வேண்டும். பதில் வராத நிரை இருந்தால் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு அங்கே போய்ப் பார்ப்பார்கள். கங்காணி கத்தினாலும் பார்ப்பார்கள். சண்டை போட்டு ஆறு மாதம் முகம் பார்க்காதவள் கூவினாலும் பதில் கொடுத்தே ஆக வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கொழுந்து மலையில் தாய்மாரின் பின்னால் திரிந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தினேஸ் அப்படித்தான் கூவினான். ஐம்பது, அறுபது மீட்டர் தூரம் இருக்கும். கானுக்குள் கிடந்த கிருஷாந்தனுக்குத் தெளிவாகக் கேட்டது. மேலே ட்ரோன் சுற்றிக்கொண்டிருந்தது. பதில் கொடுத்தால் தான் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூவல். பிறகு மறுபடியும். கிருஷாந்தன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். பனிமூட்டம் விலகி வெயில் வந்து, வெயிலும் சாய்ந்து மங்குகிறவரைக்கும் அந்தக் கூவல் விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாக வந்தது. பிறகு வரவில்லை. கிருஷாந்தன் முழங்கையால் ஊர்ந்து பின்பக்கம் போய்ச் சேர்ந்தான். மறுநாள் அந்த வயல் முழுவதும் எதிராளியின் கைக்குப் போய்விட்டது என்று சொன்னார்கள். யாரும் யாரையும் தேடிப் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தபோது, "தினேஸ் போயிட்டாம்ப்பா" என்று மட்டும் சொன்னான். அழுகையில் மற்றது எதுவும் வரவில்லை. ஐந்து மாதம் ஆஸ்பத்திரியிலும் அலைச்சலிலும் கழிந்து, தூதரகம் கொடுத்த ஒரு கடிதத்தோடு அவன் விமானம் ஏறிய கதை தனிக் கதை. அதைச் சொல்ல உட்கார்ந்தால் இது முடியாது.

பசறையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாலையோடு ஆட்கள் நின்றார்கள். நொண்டி நொண்டி நடந்து வந்த அவனைப் பார்த்து, "சண்டையில காயம் பட்ட புள்ள" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஓடும்போது பின்னங்காலில் பட்ட காயம் அது. முன்னாலிருந்து வந்த குண்டு எப்படிப் பின்னங்காலில் படும் என்று யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் ஆட்கள் யுத்தத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள் அல்ல.

லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் விஜயலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தாள். அழவில்லை. அவனைத் தன் முன்னால் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசியில நீ பக்கத்துலதான் இருந்தியா?"

அவன் தலையை ஆட்டினான்.

"ரொம்பக் கஷ்டப்படலியே? ஒடனே போயிட்டான்ல?"

"ஒடனே போயிட்டான் பெரியம்மா."

"வாயில தண்ணி வுட்டியா?"

"வுட்டேன்."

"அப்பிடியே போட்டுட்டு வரலியே? மண்ணு போட்டியா?"

"நான்தான் போட்டேன். மூணு கைப்புடி."

அவளுடைய ஒவ்வொரு கேள்வியிலும் அவளுக்கு வேண்டிய பதில் இருந்தது. அவன் அதை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தான், அவ்வளவுதான். அப்போதுதான் அவள் அழுதாள். அவன் கைகள் இரண்டையும் தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம்புள்ளைக்கு மண்ணு போட்ட கையி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தக் கையால்தான் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தான். கையை இழுத்துக்கொள்ளவும் அவனால் முடியவில்லை.

மறுநாள் கோயில் தலைவரும் காரியம் செய்துவைக்கும் பண்டாரமும் வந்தார்கள். மரணச் சான்றிதழ் இல்லை, உடம்பு இல்லை, நாளும் சரியாகத் தெரியாது. அதனால் அதுவரை கருமாதி செய்யாமலே கிடந்தது. இப்போது கண்ணால் பார்த்து மண் போட்டவனே வந்து சொல்லிவிட்டான். சொன்ன நாளிலிருந்து பதினாறு எண்ணிக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார் பண்டாரம். யார் உட்காருவது என்ற பேச்சு வந்தது. தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவன் இல்லை.

"இதுல என்னா யோசன," என்றார் தலைவர். "மண்ணு போட்டவந்தான் மொட்ட போட்டு உக்காரணும். எங்கயும் அதானே வழக்கம். கிருசா அவனுக்குத் தம்பி மொறதான். அவனே உக்காரட்டும்."

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. கந்தப்பன் மட்டும் மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அந்தப் பதினைந்து நாளும் கிருஷாந்தன் விரதம் இருந்தான். மரக்கறிச் சோறு, பாயில் படுக்கை, செருப்பில்லாத கால். தினமும் காலையில் விஜயலெட்சுமி வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன் அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். மகனுக்குக் கொடுப்பது போலக் கொடுத்தாள். அவள் முகம் நாளுக்கு நாள் தெளிந்து வந்தது. தூங்குகிறாள், சாப்பிடுகிறாள் என்று லயத்தில் சொன்னார்கள். நல்ல சாவு என்ற ஒரு நினைப்பு அவளைத் தூக்கி நிறுத்தியிருந்தது.

அதைப் பார்க்கப் பார்க்க, இப்படியே விட்டுவிடலாம் என்று கிருஷாந்தனுக்குத் தோன்றும். யாருக்கு நட்டம். அவளுக்கு நிம்மதி, அவனுக்கு மரியாதை. ஆறாம் நம்பர் மலையில் புல்லு வெட்டுகிற மெஷின் ஓடும்போது மட்டும் அவன் காம்பராவுக்குள் ஓடி மூலையில் குந்திக்கொள்வான். அது யுத்தத்தில் பட்ட பாடு என்று சனங்கள் பரிதாபப்பட்டார்கள். பரிதாபம் அவனுக்குப் பிடிக்கவில்லை. பழைய கிருஷாந்தனாக இருந்தால் அந்தப் பரிதாபத்தை வைத்தே ஒரு மணி நேரம் கதை சொல்லியிருப்பான். இளவட்டங்கள் வந்து, "எத்தன பேரச் சுட்ட அண்ணே" என்று கேட்டபோது, "ஒருத்தனையும் சுடல, போங்கடா" என்று சொல்லிவிட்டான். அடக்கமாகப் பேசுகிறான் என்று அதற்கும் ஒரு பேர் கிடைத்தது. செய்யாததற்கெல்லாம் பேர் கிடைத்துக்கொண்டே இருந்தது.

பதினாறாம் நாள் காலையில் ஆற்றங்கரைக்குப் போனார்கள். கீழ்ப்பிரிவு ஆண்கள் முப்பது பேர் இருக்கும். பெண்கள் கொஞ்சம் தள்ளிப் பாறையில் உட்கார்ந்தார்கள். பண்டாரம் வாழையிலையை விரித்து, எள்ளும் பச்சரிசியும் வைத்து, உடம்புக்குப் பதிலாகத் தினேஸின் சட்டையை இலையில் கிடத்தினார். கவ்வாத்துக்குப் போடுகிற பழைய கட்டம்போட்ட சட்டை. கைமடிப்பில் தேயிலைக் கறை. கிருஷாந்தனைக் கல்லில் உட்கார வைத்துத் தலையை நனைத்தார்கள். சவரக்கத்தியை எடுத்த ஆள், "குனிங்க தம்பி" என்றான்.

கிருஷாந்தன் குனிந்தான். குனிந்த இடத்தில் கண்ணுக்கு நேரே அந்தச் சட்டை கிடந்தது. தன்னைத் தூக்கி வைத்துப் பேசும் இத்தனை பேருக்கு நடுவில், இந்த ஒருவனுக்கு மட்டும் நடந்தது தெரியும் என்று அவனுக்குத் தோன்றியது. இந்தத் தலையை மழித்தால், செய்யாத காரியத்தைச் செய்ததாகச் செத்தவனிடமே சாதிக்கிற மாதிரி ஆகிவிடும். ஊரை ஏமாற்றலாம். இவனை முடியாது.

கத்தி பிடித்த கையைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"வேணாம். நிறுத்துங்க."

"என்னா தம்பி, தல கில சுத்துதா?" என்று தலைவர் கிட்டே வந்தார்.

"நான் மண்ணு போடல. நான் பக்கத்துல இல்ல. நான் ஓடிட்டேன்."

கிருஷாந்தன் ஈரத் தலையோடு பாறைப் பக்கம் நடந்து விஜயலெட்சுமியின் முன்னால் போய் நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் கூட்டாமல் பேசினான். குண்டு விழுந்தது, ஓடியது, கானுக்குள் கிடந்தது, கூவல் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னான். வாயைப் பொத்திக்கொண்டதையும் சொன்னான். பாறையில் இருந்த பெண்கள் எல்லோரும் கொழுந்தெடுக்கிறவர்கள். கூவலைப் பற்றிச் சொன்ன இடத்தில் ஒருத்தி, "ஐயோ" என்று மெதுவாகச் சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

விஜயலெட்சுமி கேட்டாள்: "எத்தன தடவ கூவுனான்?"

"எண்ணல பெரியம்மா. பொழுது சாயிற வரைக்கும்."

"நீ ஒரு தடவகூடப் பதில் குடுக்கல."

"குடுக்கல."

அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்று ஆசைப்பட்டுக்கூட நின்றான். அவள் எழுந்து அவனைக் கடந்துபோய் இலையில் கிடந்த சட்டையை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த எள்ளை உதறினாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப எம்புள்ள செத்தத நீ பாக்கல."

"பாக்கல."

"வேற யாரும் பாத்தாங்களா?"

"தெரியாது பெரியம்மா."

"பண்டாரத்தய்யா, எலைய எடுங்க. உசுரோட இருக்கிறவனுக்கு எள்ளு எறைக்கக் கூடாது."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிப் போனார். அந்த இடத்தில்தான் கிருஷாந்தனுக்குத் தான் செய்தது என்னவென்று விளங்கியது. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தான். இறங்கத்தான் செய்தது. இறங்கிய பாரம் நேராக அவள் தலையில் ஏறிவிட்டது. செத்த மகனை அழுது தீர்த்து எழும்பியிருந்தவளுக்கு, காணாமல் போன மகனைக் கொடுத்துவிட்டான். பகல் முழுவதும் பனிக்குளிரில் கிடந்து, சின்னதாகிக்கொண்டே போய் நின்ற அந்தக் குரலுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல அந்த நேரத்தில் அவனுக்கு நாக்கு எழும்பவில்லை. ஒரு காலையில் அவ்வளவு தைரியம்தான் இருந்தது போலும்.

அதற்குப் பிறகு தோட்டம் அவனை வேறு கண்ணால் பார்த்தது. பாதிப் பேர் பேசுவதை விட்டார்கள். மாலை போட்டவர்களே காறித் துப்பினார்கள். கொழும்புக்குப் போய்விடு, இங்கே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சுதர்ஷினி போனில் அழுதாள். கந்தப்பன் மட்டும் அன்று சாயங்காலம் மகனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போறதுன்னா போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார்.

"போகலப்பா. ஒரு தடவ ஓடுனது போதும்."

மறுவாரம் விஜயலெட்சுமி அவன் காம்பரா வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பனியில் நின்று எடுத்த அந்தப் படம்.

"கொழும்புல ஒரு ஒப்பீஸ்ல காணாமப் போன ஆளுங்களப் பத்தி எழுதி எடுக்குறாங்களாம். கடைசியா பாத்தவன் கூட வரணுமாம். வா."

போனான். பதுளையிலிருந்து காலை ரயிலில் எதிரெதிராக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். ஒப்பீசில் ஒரு மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. கடைசியாக அவரை உயிரோடு பார்த்தது யார் என்று அந்த உத்தியோகத்தர் கேட்டார்.

"நான்தான் சேர். காயப்பட்டுக் கெடந்து கூப்புட்டான். எனக்குக் கேட்டுச்சு. நான் போகல."

உத்தியோகத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கிருஷாந்தன் தலை குனியவில்லை. எழுதி முடிக்கிறவரை காத்திருந்து கையெழுத்துப் போட்டான்.

இப்படி ஒரு தடவை அல்ல. அடுத்த மாதம் வேறொரு ஒப்பீஸ், அதற்கடுத்த மாதம் தூதரகம், பிறகு இப்படியே மகனைத் தொலைத்த பெற்றோரின் ஒரு கூட்டம். ஒவ்வொரு இடத்திலும் அதே கேள்வி. ஒவ்வொரு இடத்திலும் அவன் அதே நாலு வரியைச் சொன்னான். அந்தக் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பி வந்து அவன் சட்டையைப் பிடித்தார். அவருடைய மகனும் இப்படி யாரோ ஒருவனால் கைவிடப்பட்டிருக்கலாம். கிருஷாந்தன் அவர் கையை விலக்கவில்லை. விஜயலெட்சுமிதான் எழுந்து விலக்கிவிட்டாள்.

தோட்டத்தில் தினேஸ் செய்த கவ்வாத்து வேலையில் சேர்ந்தான். விஜயலெட்சுமிக்கு விறகு வெட்டிப் போட்டான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. இருபத்துநாலு வயதுப் பையன் பேச்சில் அப்பனைப் போல ஆகிவிட்டான். முன்பு அவன் வாயைக் கேலி செய்தவர்களுக்கு இப்போது அந்த வாயைத் தேடியது.

பத்தாவது மாதம். கொழும்பிலிருந்து திரும்பி வருகிறார்கள். வழக்கம்போல "தகவல் எதுவும் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்று அனுப்பியிருந்தார்கள். ஹாலிஎல ஸ்டேசனில் வேறொரு வண்டிக்கு வழிவிட ரயில் நின்றது. யன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த விஜயலெட்சுமி திடீரென்று பேசினாள்.

"தம்பி. எனக்காகச் சொல்ல வேணாம். ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லு. அவன் இருப்பானா?"

பத்து மாதமாக அவன் பயந்துகொண்டிருந்த கேள்வி. பொய் ஒன்று உடனே வாய்க்கு வந்தது. நல்ல பொய். சிறையில் இருக்கலாம், வேறு பேரில் ஆஸ்பத்திரியில் இருக்கலாம், எத்தனையோ பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். அவள் முகத்தைப் பார்த்தபோது அந்தப் பொய் அவளுக்கானது அல்ல என்று புரிந்தது.

"இருக்க மாட்டான் பெரியம்மா. கொரலு கொறஞ்சு கொறஞ்சுதான் நின்னுச்சு. அன்னிக்கே போயிருப்பான்."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. அவனும் அழுதான். எதிர் வண்டி சத்தத்தோடு கடந்து போனது.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "ஆத்தங்கரையிலயே தெரியும்."

"அப்ப ஏன் பெரியம்மா இப்பிடி அலையிறீங்க? காரியத்த முடிச்சுருவோம். நான் உக்காரவா?"

அவள் பைலை மடியில் சரி செய்தாள்.

"முடிக்கலாம். ஆனா பொழுது சாயிற வரைக்கும் கூவிக்கிட்டே கெடந்தான்னு சொன்னியே. அவ்ளோ நேரம் கூவுனவனுக்கு நாமளும் கொஞ்ச நாளாச்சும் பதில் குடுக்கணும்ல. அடுத்த மாசமும் போவோம். நீ வருவல்ல?"

"வருவேன்."

ரயில் புறப்பட்டது. பதுளையில் இறங்கி, பசறை பஸ்ஸுக்கு அவன் முன்னால் ஓடிப்போய் அவளுக்கு ஒரு சீட் பிடித்தான்.